ஏன் நிறுத்தினாய் என்று கேட்காதவர்

அவரைத் தலைவராக்கியது ஒரு மின்விசிறி. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைக்கு மேலே அது கடகடவென்று கத்திக்கொண்டே இருந்தது. கை சும்மா இருக்காத மனிதர் ஏணி எடுக்க வெளியே போனார். ஏணியோடு திரும்பி வந்தால் எல்லாரும் கை தட்டுகிறார்கள். ஏணிக்கு இவ்வளவு வரவேற்பா என்று அவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவைத்தார். "வாங்க தலைவரே" என்று மருந்துக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. அந்த நாற்காலிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. கை தூக்கியவர்கள் எல்லாரும் பக்கத்தில் இருப்பவனைக் காட்டத்தான் தூக்கினார்கள்.

வாரநாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஜனங்களை மேலேயும் கீழேயும் அனுப்பிவிட்டு, தான் மட்டும் எண்ணெய்ப் பிசுக்குச் சட்டையோடு படிக்கட்டில் இறங்கி வருவார். ஞாயிறு வந்தால் கிளைடர் சங்கம். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். மைதானத்தின் ஒரு கோடியில் அது நிற்கும், மறுகோடியில் வின்ச் என்ற பெரிய உருளை இயந்திரம், நடுவே நீளக் கம்பிவடம். வின்ச் வடத்தைச் சுருட்டச் சுருட்ட விமானம் பட்டம் மாதிரி விறுவிறுவென்று ஏறும். உச்சியில் வடத்தைக் கழற்றிவிட்டால், அதன் பிறகு காற்றும் ஓட்டுகிறவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தரையில் இருந்தவர்கள்தான் எதையும் பேசித் தீர்த்துக்கொண்டதில்லை. பேட்டரியைச் சார்ஜ் போடாமல் போனது யார், நிழலான இடத்தில் தினமும் காரை விடுவது யார், டீக் கோப்பையைக் கழுவாமல் வைத்தது யார். மேகத்தைத் தொட்டுவிட்டு வரும் பெரிய மனிதர்கள், ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்ளும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொண்டார்கள். லிஃப்ட்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டிக் கேட்பார். பிறகு போய் அந்தக் கோப்பையை அவரே கழுவி வைப்பார். அவருடைய நிர்வாகம் அவ்வளவுதான்.

சண்டைக்கு வராத ஒரே விதி அங்கே இருந்தது. விமானம் கிளம்பும் நேரத்தில் யார் கண்ணிலாவது ஏதாவது தப்பாகப் பட்டால் "நிறுத்து!" என்று கத்தலாம். நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, வேடிக்கை பார்க்க வந்தவராக இருந்தாலும் சரி, கத்தினால் வின்ச் நின்றாக வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

லிஃப்ட்காரரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன், அச்சகம் வைத்திருந்தார். மைதானத்திலிருந்து மலைத்தொடர் வரை போய், எங்கேயும் இறங்காமல் இதே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஒவ்வொரு முறையும் பாதி வழியில் காற்று கைவிட்டு, யாருடைய வயலிலாவது போய் இறங்குவார். சங்கமே வண்டி கட்டிக்கொண்டு போய் அவரையும் விமானத்தையும் அள்ளி வரும். இப்போது கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஓரப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இந்த மாதம் முடிந்தால் தனியாகப் பறக்க அனுமதி கிடையாது. வீட்டு ஆட்களைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

மாதத்தின் கடைசி ஞாயிறு. வானத்தில் சின்னச் சின்ன வெள்ளை மேகங்கள், பறப்பவர்கள் கனவில் காண்கிற மாதிரி. மச்சான் உட்கார்ந்து கண்ணாடி மூடியை இழுத்து மூடினார். வின்ச்சில் லிஃப்ட்காரர். வடம் விறைத்தது. அந்த நொடியில் வயர்லெஸ்ஸில் மருந்துக்கடைக்காரரின் குரல்: "நிறுத்து! நிறுத்து!"

மருந்துக்கடைக்காரருக்குச் சங்கத்தில் 'ஆட்சேபணை' என்று பெயர். மழை பெய்தாலும் ஆட்சேபிப்பார், நின்றாலும் ஆட்சேபிப்பார். லிஃப்ட்காரர் தலைவரானது ஒன்றைத்தான் அவர் ஆட்சேபிக்கவில்லை. முந்தின வாரம்தான் மச்சான் எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்து, "உங்க கடையில நாக்குக்கு ஏதும் மருந்து இல்லையா?" என்று கேட்டிருந்தார். கொட்டகையே சிரித்தது. ஆட்சேபணை மட்டும் சிரிக்கவில்லை.

லிஃப்ட்காரரின் கை தானாக விசையை விட்டது. வால் பக்கம் ஏதோ ஆடிய மாதிரி இருந்தது என்றார் ஆட்சேபணை. வாலை முழுக்கச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. அதற்குள் மேற்கிலிருந்து ஒரு சாம்பல் திரை வந்து சூரியனை மூடிக்கொண்டது. காற்று செத்துப்போனது. மலை அங்கேயே இருந்தது.

மச்சான் மைதானம் முழுக்க நடந்து வின்ச்சுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, அவன ஏன் நிறுத்தினேன்னு கேளு. எல்லார் முன்னாடியும் கேளு."

"கேக்கக் கூடாது மச்சான்."

"கூடாதா, முடியாதா?"

லிஃப்ட்காரர் குனிந்து வடத்தை உருளையில் சுருட்ட ஆரம்பித்தார்.

வீட்டில் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தாள் என்பதைவிட அடித்தாள் என்பது சரி.

"எங்கண்ணன் போன்ல அழுதாரு. எங்கப்பா போனப்பகூட அவரு அழுது நான் பாத்ததில்ல."

"ம்."

"என்ன ம்? ஒரு வார்த்தை கேட்டா உங்க வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. சாப்பாடு இறங்கல."

"அப்போ கேளுங்களேன்!"

"கேட்டா, இனிமே கத்தணும்னு நினைக்கிறவன் முதல்ல என் மூஞ்சிய நினைச்சுப்பான்."

"அந்த மூஞ்சிய நான் ஒருத்தி நினைச்சதே போதும்" என்று சொல்லிவிட்டு அவருடைய சட்டையை மட்டும் மடிக்காமல் ஒதுக்கி வைத்தாள்.

மச்சான் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொன்னார். ஆட்சேபணையை நீக்க வேண்டும், இனிமேல் காரணமில்லாமல் கத்துகிறவர்களைப் பறக்க விடக் கூடாது என்பது அவர் கோரிக்கை. பாதிப் பேர் அவர் பக்கம். ஆட்சேபணை மூலையில் உட்கார்ந்து தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

லிஃப்ட்காரருக்கு மேடைப் பேச்சு வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு லிஃப்ட் கதை ஒன்றைச் சொன்னார்.

"ஒரு அடுக்குமாடிங்க. பசங்க லிஃப்ட்ல போறப்ப சும்மா சும்மா அபாய மணிய அழுத்துவாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் ஓடுவேன், இளிப்பாங்க. அப்புறம் புதுசா ஒரு வாட்ச்மேன் வந்தாரு. மணி அடிச்சவன் காதத் திருகுவாரு. மணிச் சத்தமே நின்னுபோச்சு. எனக்குக்கூட நிம்மதியாதான் இருந்துச்சு. ஒருநாள் வழக்கமான சர்வீஸுக்குப் போய்க் கதவத் திறக்கறேன், உள்ள ஒரு சின்னப் பொண்ணு. மத்தியானத்துலேர்ந்து மாட்டிக்கிட்டு இருக்கா. இருட்டு. பாவாடையெல்லாம் நனைஞ்சிருக்கு. என்னைப் பாத்ததும் அவ சொன்ன முதல் வார்த்தை, 'நான் மணிய அழுத்தலை மாமா.'"

கொஞ்ச நேரம் அந்தப் பழைய மின்விசிறிகூட மரியாதையாக ஓடிய மாதிரி இருந்தது.

"அவ்வளவுதாங்க. நான் யாரையும் கேக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"நாம என்ன லிஃப்டா ஓட்டறோம்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். ஆனால் கை தூக்கியபோது மச்சானின் கோரிக்கை மயிரிழையில் தோற்றது. மச்சான் எழுந்தார்.

"சங்கத்த நீயே வச்சுக்கோ மாப்பிள்ளை."

வாசலில் அவர் தோள் கதவுநிலையில் இடித்தது. அது கோபத்தால் இல்லை என்று லிஃப்ட்காரருக்கு மட்டும் தெரியும்.

எல்லாரும் போன பிறகு ஆட்சேபணை தயங்கித் தயங்கி வந்தார். "தலைவரே, அன்னைக்கு நான் நிஜமாவே..."

"என் வண்டிச் சாவிய எங்கயோ வச்சுட்டேங்க" என்று லிஃப்ட்காரர் மேசைக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது. ஆட்சேபணை அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நல்லவேளை, இல்லையென்றால் லிஃப்ட்காரர் விடிய விடிய அங்கேயே குனிந்திருப்பார்.

மாதம் மாறியது. வீட்டில் சட்டைகள் மடிக்கப்படாமல் கிடந்தன. ஒரு ஞாயிறு, கொட்டகையில் இருந்த தன் இருக்கை மெத்தையை எடுத்துப் போக மச்சான் வந்தார். வேறு யார் கையிலாவது கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கலாம். வந்தார். லிஃப்ட்காரரோடு பேசவில்லை. மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மைதான ஓரமாக நடந்தார்.

பல் டாக்டரம்மா கிளம்பத் தயாராக விமானத்தில் இருந்தார். அன்று வின்ச்சில் வேறொருவர், லிஃப்ட்காரர் விமானத்துக்குப் பக்கத்தில். வடம் விறைத்தது.

"நிறுத்து! வடத்துமேல ஆள்! நிறுத்து!"

கத்தியது மச்சான். மெத்தை கீழே விழுந்து கிடந்தது. வின்ச் நின்றது. அவர் இப்போது உறுப்பினர்கூட இல்லை, ஆனாலும் நின்றது. எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வெட்டவெளி மைதானம். ஒரு மேக நிழல் வடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

யாரும் சொல்லாமலே ஆட்சேபணை நடக்க ஆரம்பித்தார். வடத்தின் ஓரமாகவே வெயிலில் மறுகோடி வரை போய், வியர்த்து வழியத் திரும்பினார். வாயைத் திறந்தார். சங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"வடம் சுத்தமா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"நன்றிங்க" என்று மச்சானைப் பார்த்துச் சொல்லிவிட்டு டாக்டரம்மா கண்ணாடியை மூடிக்கொண்டார்.

மச்சான் வடத்தின் பக்கம் கையை நீட்டினார். "மாப்பிள்ளை, கறுப்பா ஒரு ஆள் நின்னாரு. அங்க."

"சரி மச்சான்."

"யாரும் இல்லையா?"

"நடந்து பாத்தாச்சு. இனி கிளம்பலாம்."

"ஏன் கத்தினேன்னு கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

மச்சான் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஆட்சேபணையின் பக்கம் திரும்பினார். "அவன?"

"இன்னும் கேக்கல மச்சான்."

மச்சான் பெருமூச்சு விட்டார். விழுந்த மெத்தையை எடுத்துப் புல்லில் போட்டு உட்கார்ந்தார். லிஃப்ட்காரரும் பக்கத்தில் குந்தினார். விமானம் அவர்கள் தலைக்கு மேலே விறுவிறுவென்று ஏறியது. மச்சான் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடியும் வலது.

எந்தக் கண்ணுக்கு விமானம் தெரிகிறது என்று லிஃப்ட்காரர் கேட்கவில்லை.