முனி அடித்த வீடு

விக்கிரமங்கலத்து முத்தமிழ்செல்வனுக்கு முப்பத்து நான்கு வயது. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே சிகரெட், டீ, மறுபடியும் சிகரெட். லாரிக்கு மாதம் தவறாமல் ஆயில் பார்க்கிற மனிதர், தன் பிரஷரை ஒருநாளும் பார்த்ததில்லை. வீடு தேடி வந்த சுகாதாரப் பணியாளரையும், "எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் பயந்தது ஏரிக்கரை முனிக்கு மட்டும்தான். அப்பா கொளஞ்சி முப்பத்தெட்டு வயதில், உச்சிவெயிலில், அந்தக் கரையில் விழுந்து இறந்தவர். முனி அடித்துவிட்டது என்றது ஊர். அன்றிலிருந்து அம்மா குஞ்சம்மாள் வருடாவருடம் முனிக்குக் கிடா வெட்டுகிறார். முத்தமிழும் தம்பி சக்தியும் உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

போன மாசியில் ஒரு காலை, பல் துலக்கும்போது முத்தமிழுக்கு நெஞ்சை அடைத்தது. இடது கை கனத்தது, சட்டை தொப்பலாக நனைந்தது. மனைவி பிரவீணா ஆட்டோவை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். குஞ்சம்மாள் விடவில்லை.

"அவங்கப்பாவுக்கு வந்ததேதான்டி இது. ஊசி போட்டா முனிக்குக் கோவம் ஏறிடும். மொதல்ல பூசாரிகிட்ட மந்திரிச்சுடலாம்."

ஆட்டோ பூசாரி வைரக்கண்ணு வீட்டுக்குத் திரும்பியது. அவர் கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருந்தார். அவர் வந்துசேர ஒன்றரை மணி நேரம். பிரவீணாவுக்கு இன்றுவரை ஆறாத கோபம் அந்த ஒன்றரை மணி நேரத்தின் மீதுதான். பூசாரியோ வந்து முகத்தைப் பார்த்ததும் திருநீற்றுத் தட்டைக்கூடத் தொடவில்லை.

"எனக்கே போன வருசம் மாரடைப்பு வந்து நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. இவன இங்க ஏன் கொண்டாந்தீங்க? கெளப்புங்க வண்டிய!"

அரியலூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அடைப்பைக் கரைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் தாமதத்தில் இதயத்தின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. இனி டிப்பர் ஓட்டுவது கஷ்டம் என்றார்கள். மாலையில் பெண் டாக்டர் ஒருவர் குஞ்சம்மாளிடம் விவரம் கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு வந்திருக்காம்மா?"

"யாருக்கும் இல்லீங்க."

"இவரோட அப்பா?"

"அவர முனி அடிச்சுடுச்சுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. எப்படி விழுந்தார் என்று பொறுமையாகக் கேட்டார்.

"வேர்த்துக் கொட்டுச்சுங்க. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் கெடந்தாரு. மொத நாளே கை வலிக்குதுன்னாரு, நாந்தான் தைலம் தேச்சுவுட்டேன்."

"அதுவும் மாரடைப்புதாம்மா. அப்பாவுக்குச் சின்ன வயசுல வந்தா பிள்ளைங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். இவர் சிகரெட் வேற."

குஞ்சம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பன்னா, அன்னிக்கே இங்க தூக்கியாந்திருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா?"

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து அவரை உட்கார வைத்தார். பிறகு, "இவருக்குக் கூடப்பொறந்தவங்க இருந்தா நாளைக்கே கூட்டிட்டு வாங்கம்மா. பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் பாத்துடலாம்" என்றார்.

பிரவீணா சக்திக்குப் போன் போட்டுக் கொடுத்தார். குஞ்சம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சக்தி, உங்கப்பாவ முனி அடிக்கலடா. கெளம்பி வா."