மூன்று முறை எழுதிய திருத்தம்

காக்ஸ் டவுனில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. நோட்டில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால், அதன் கீழே சரியான விடையை மூன்று முறை எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கி வரவேண்டும். பதினொரு வருடமாக நானும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்தி வந்தேன்.

இந்த வருடம் ஏழாம் வகுப்பு அறிவியலில் எனக்கு ஒரு புது ஆசை. பிள்ளைகள் கைடைப் பார்த்து எழுதக்கூடாது. என்ன சொல்கிறாய், அதற்கு என்ன ஆதாரம், ஏன் அப்படி என்று எழுதவேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். முதல் சோதனை பச்சைப்பயறு. ஜோடிக்கு இரண்டு கப்; ஒன்று ஜன்னலோரம், ஒன்று மூடிய அலமாரியில். பத்து நாள் கழித்து எந்தச் செடி உயரம்?

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நோட்டுகளைத் திருத்தினேன். எல்லோரும் ஜன்னல் செடிதான் உயரம் என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் மட்டும் அலமாரிச் செடி பதினான்கு சென்டிமீட்டர், ஜன்னல் செடி ஒன்பது என்று எழுதியிருந்தாள். கப்பை மாற்றி அளந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு பெருக்கல் போட்டு நோட்டைக் கொடுத்தனுப்பினேன். நாலு அடி நடந்துபோய்ப் பார்க்க எனக்குச் சோம்பல்.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, கப்புகளை அப்புறப்படுத்த அலமாரியைத் திறந்தேன். அத்தனை செடியும் வெளிறி, நூல் மாதிரி நீண்டு கிடந்தன. ஜன்னல் செடிகள் பச்சையாக, குட்டையாக நின்றன. இருட்டில் முளைத்த செடி இப்படித்தான் நீளும் என்று கல்லூரியில் படித்தவள்தான் நான். தூக்கிவாரிப் போட்டது. பார்த்ததை எழுதிய ஒரே பிள்ளை, இப்போது வீட்டில் உட்கார்ந்து பொய்யை மூன்று முறை எழுதிக்கொண்டிருக்கும். இனி ஜென்மத்துக்கும் தன் கண்ணை நம்பாது.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் தவறை எழுதினேன், அனுப்பாமலே அழித்தேன். எல்லாப் பெற்றோரும் பார்ப்பார்களே என்ற வறட்டு கௌரவம். ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரம் சர்ச்சில் பூசை முழுக்க அந்த நோட்டுதான் கண் முன்னால் நின்றது.

திங்கட்கிழமை காலை அவள் நோட்டை நீட்டினாள். என் பெருக்கலுக்குக் கீழே திருத்தம் இல்லை. 'அலமாரிச் செடிதான் உயரம். மூன்று நாள் அளந்தோம். ஏன் என்று தெரியவில்லை' என்று இருந்தது. அதன் கீழே அப்பாவின் கையெழுத்து. அவளோடு சேர்ந்து ஸ்கேலைப் பிடித்து அளந்த ஜோடிப் பெண்கூடக் கைடில் இருப்பதைத்தான் எழுதியிருந்தாள்.

கரெக்‌ஷன் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அப்பா திட்டிட்டுதான் கையெழுத்துப் போட்டாரு மிஸ். ஆனா அளந்தது பதினாலுதான். நீங்கதானே பார்த்தத எழுதச் சொன்னீங்க."

அப்பாடா என்று இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் கெடுக்கப் பார்த்தும் கெடாமல் வந்து நிற்கிறாளே என்று அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அலமாரியைத் திறந்து, அன்று அப்புறப்படுத்தாமல் விட்ட கப்புகளை எல்லோரையும் மறுபடி அளக்கச் சொன்னேன். பிறகு அவள் நோட்டில், அவள் விடையை என் கையால் மூன்று முறை எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினேன்.

மூன்று வரியையும் நிதானமாகப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் போட்டாள்.