3.40-க்கு ஆலங்கட்டி

“சார், போர்டுல ஒட்டின வார அறிக்கையைத் திருத்துங்க.”

வேலையில் சேர்ந்த அன்றே எச்சரித்திருந்தார்கள். லீவு கேள், பதவி உயர்வு கேள், ஒட்டிய அறிக்கையைத் திருத்தச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காதே என்று. திறந்துவிட்டேன். அடுத்த ஐம்பது நிமிடத்தில் நடந்ததில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். பேய்க்குப் பயந்து வளர்ந்தவள் இல்லை. செங்கல் சூளை மேஸ்திரிக்குப் பயந்து வளர்ந்தவள்.

வியாழக்கிழமை, மதியம் 2.50. எங்களுடையது சின்ன ஊரின் வானிலை அலுவலகம். முன்னால் ஓர் அறை, பின்னால் வேலி போட்ட வெட்டவெளி, அதன் நடுவே மழைமானி. அவ்வப்போது வானத்தைப் பார்த்து மேகத்தின் வகையைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. வார அறிக்கை அதிகாரியின் வேலை. ஏழு நாளுக்கும் ஒரே வரி எழுதுவார்: ‘வறண்ட வானிலை’. அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரும் அதுதான்.

காலையில் பஞ்சுப் பொதி மாதிரி இருந்த திரள் மேகம், மதியத்துக்குள் மலையாக எழுந்து, உச்சி தட்டையாக விரிந்து, அடி கறுத்துவிட்டது. இடிமேகம்.

“எங்கம்மா சூளையில நிக்கிறாங்க சார். உங்க அறிக்கையை நம்பித்தான் சுடாத பச்சைக்கல்லைக் காயப் பரப்பியிருக்காங்க. நாப்பது பேரு வெட்டவெளியில.”

“நாலு புக்கு படிச்சிட்டா வானமே உன் கையிலயா? ஒட்டினது ஒட்டினதுதாம்மா.”

3.05-க்கு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மறக்காமல் குடையை எடுத்துக்கொண்டு.

என் செல்லிலிருந்து மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

“மழை இல்லன்னு உங்க ஆபீஸ்தானே ஒட்டியிருக்கு? ஆபீஸ்லேர்ந்து சொல்லச் சொல்லு பாப்பா, நிறுத்துறேன்.” வைத்துவிட்டான்.

ஆபீஸ் பெயரில் நானே சொன்னால் வேலை போய்விடும். அம்மா கல் சுமந்து வாங்கிக் கொடுத்த வேலை.

3.12. மேகத்தையாவது எழுதுவோம் என்று பதிவேட்டைத் திறந்தேன். ஏற்கெனவே ஒரு வரி இருந்தது. ஊதா மையில், பெண் கையெழுத்து.

‘3.40. இடிமேகம். ஆலங்கட்டி. மழைமானி அருகே மின்னல்.’

தொட்டேன். மை விரலில் ஒட்டியது.

3.19. அறை இருட்டியது. பின்கதவுப் பக்கம்...

சளக்... டப்... சளக்... டப்...

வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் தரையில் ஈரக் காலடி. பின்கதவிலிருந்து என் மேசை வரை. வலது கால், செருப்பின் தடம். இடது கால், வெறுங்கால். ஐந்து விரலும் தெரிந்தன.

3.26. அலமாரியில் மழை அளக்கும் கண்ணாடிக் கிளாஸ். காலையில் நான்தான் துடைத்துக் கவிழ்த்தேன். இப்போது நிமிர்ந்திருந்தது.

உள்ளே தண்ணீர்.

ஏறிக்கொண்டிருந்தது...

3.31. மேசைத் தொலைபேசி அடித்தது.

“திருத்தச் சொல்லிக் கேட்டியா?” பெண் குரல்.

“கேட்டேன்.”

“மாட்டேன்னாரா?”

“ஆமா... யாரு நீங்க?”

“மணியைப் பாரு.”

பார்த்தேன். 3.33. மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டேன்.

“ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். அறிக்கையைத் திருத்தியாச்சு. எல்லாரையும் கட்டடத்துக்குள்ள அனுப்பு.”

“யாரு கையெழுத்து?”

“என் கையெழுத்து!”

3.39. காற்று நின்றது.

3.40.

கூரையில் கல் விழுந்தது. ஒன்று. பத்து. ஆயிரம்.

மின்னல்...

மழைமானி அருகே ஒருத்தி குனிந்திருந்தாள். கையில் கிளாஸ். ஒரு காலில் மட்டும் செருப்பு. நிமிர்ந்தாள்...

இடி.

யாரும் இல்லை.

சூளையில் மின்னல் கல் களத்தின் நடுவில் இறங்கியதாம். கடைசி ஆள் உள்ளே போய் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கடைசி ஆள் என் அம்மா.

மறுநாள் காலை வாட்ச்மேன் அண்ணனிடம் ஊதா மையைக் காட்டினேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முன், அதே தேதி. 3.40 வரியில் பிளேடால் சுரண்டிய தடம், ஓரத்தில் ஊதா மிச்சம். அதன்மேல் அதிகாரியின் கையெழுத்து: ‘தெளிந்த வானம். மழை இல்லை.’

“உன் சீட்டுல இருந்த பொண்ணும்மா. அதுவும் திருத்தச் சொல்லிக் கேட்டுச்சு. ‘அளந்து காட்டு, அப்புறம் பேசு’ன்னு கொட்டுற மழையில வெளிய அனுப்பினாரு. மின்னல் அடிச்சிடுச்சு. மழைன்னு எழுதினா அறிக்கை தப்புன்னு ஆகுமே... வழுக்கி விழுந்து செத்துடுச்சுன்னு முடிச்சிட்டாங்க. ஒத்தைச் செருப்போடதான் தூக்கினோம். இன்னொண்ணு கிடைக்கவே இல்ல.”

10 மணிக்கு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பிளேடு வைத்திருந்தார்.

“நேத்து 3.40-க்கு மழைன்னு எழுதியிருப்பே, அதைச் சுரண்டிட்டு ‘தெளிந்த வானம்’னு எழுது. போன்ல பேசினதை நான் மறந்துடறேன். உன் வேலையும் நிக்கும்.”

நான் பிளேடைத் தொடவில்லை. இரண்டு பதிவேடும் காலையிலேயே என் பைக்குள் போய்விட்டன. செத்தவளின் வீடு எங்கே என்றும் அண்ணனிடம் கேட்டு வைத்திருந்தேன்.

“எங்கம்மா போற?”

வாசலைத் தாண்டி நடந்தேன். என் இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. வராந்தா காய்ந்து கிடந்தது.

பக்கத்தில் மட்டும்...

சளக்... டப்... சளக்... டப்...