இருளாயி எடுத்த பெரட்டு

ஈப்போவில் லிஃப்ட் இல்லாத பழைய ஐந்து மாடிக் கட்டடம் அது. அதன் நடுப் படிக்கட்டில், மாடிக்கு இரண்டாகப் பத்து வீடுகள். பத்து வீட்டுக்கும் செயலாளர் இருளாயி அக்கா. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் குடியிருப்போர் கூட்டத்தில், "யார் செயலாளரா இருக்கப் போறீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும், "இதெல்லாம் ஒரு கூட்டமா? இப்படியா கூட்டம் நடத்துறது?" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான், நோட்டுப் புத்தகத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டார்கள்.

அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவர். சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளிகளை மேய்க்கும் மண்டோருக்கு மகளாகப் பிறந்தவர். ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை, கடைசிப் பத்து வருடம் சூப்பர்வைசர். வேலையை விட்டதும் வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். நூற்று இருபது பேரை அதட்டிய குரல் சும்மா இருக்குமா? பத்து வீட்டின் மேல் இறங்கியது. செருப்பைப் படியில் விட்டால் திட்டு. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் திட்டு. ஒன்றும் செய்யாமல் நின்றால், "சும்மா நிக்கிறதுக்கா வீடு வாங்குனே?" என்று அதற்கும் திட்டு.

இந்த ஆறு மாதமாக அவர் தொண்டைக்கு நல்ல வேலை. மாதத்தில் இரண்டு மூன்று நாள், விடிகாலை ஐந்து மணிவாக்கில், படிக்கட்டு மொத்தமும் டப்பென்று இருண்டுவிடும். பத்து வீட்டுக்கும் சேர்த்துக் கீழே ஒரே ஒரு பழைய டிரிப் சுவிட்ச். யார் வீட்டில் கரண்டு கசிந்தாலும் பத்து வீட்டுக்கும் போய்விடும். யாராவது கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய் அதைத் தூக்கிவிட வேண்டும்.

அக்காவைக் கேட்டால் குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவார். எதிர்வீட்டு மங்களம். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறவள், விடியுமுன் எழுந்து சுடுதண்ணீர் மெஷினைப் போட்டுக் குளிக்கிறவள். "அஞ்சு மணிக்கு என்னடி உனக்குச் சுடுதண்ணி? ராஜா வீட்டுக் கல்யாணத்துக்கா போறே?" என்று வாசலில் நின்று பத்து வீட்டுக்கும் கேட்கும்படி கேட்பார். மங்களம் வாயே திறக்கமாட்டாள். திறந்தால் இன்னும் நாலு விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"மொதல் அடி எனக்குத்தான். மாவு பாதியில நிக்குது. உளுந்து பொங்காம போனா எவ வந்து பதில் சொல்லுவா?" என்பார் அக்கா.

ஆனால் உண்மையான அடி விழுந்தது அக்கா வீட்டுக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில் இருக்கும் சீனிக்கு. முப்பது வருடம் லோரி ஓட்டியவர், மனைவி இல்லை, தனி ஆள். நுரையீரல் கெட்டுப்போய், படுக்கும்போது மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுக்கும் மெஷினோடுதான் படுக்க வேண்டும். கரண்டு போனால் மெஷின் நிற்கும். தட்டுத்தடுமாறி எழுந்து தலைமாட்டில் இருக்கும் சின்ன சிலிண்டரைத் திறக்க வேண்டும். போன மாதம் ஒருநாள் கை எட்டவில்லை. மங்களம்தான் வேலைக்கு இறங்கும்போது பார்த்தாள், உதடு நீலம் பாய்ந்து படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் தனேஷ் அன்றே சொல்லிவிட்டான். "அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழம வாரேன். அதுக்குள்ள கரண்டு சரியாகலன்னா அப்பாவக் கூட்டிட்டுப் போயிருவேன். இதுக்கு மேல பேச்சு இல்ல."

இதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீனியோடு தினமும் சண்டைதான். அக்கா கொடுத்தனுப்பும் தோசைக்குச் சட்னியில் உப்பு என்பார், மாவு புளிப்பு என்பார், சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவாமல் மேலே கொடுத்தனுப்புவார். ஆனால் அந்தக் கட்டடத்தில் அக்காவை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களெல்லாம் தலையாட்டுவார்கள். தலையாட்டுகிறவர்களோடு எத்தனை நாள் பேசிக்கொண்டிருக்க முடியும்? மூன்றாம் மாடிக் கதவில் பூட்டுத் தொங்குவதை அக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நோட்டில் "எலக்ட்ரீசியன்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

முதலில் வந்தது சொந்தக்காரன் பத்துமலை. தங்கை வீட்டுக்காரனின் தம்பி. கோயில் திருவிழாவுக்கு சீரியல் விளக்குக் கட்டிக் கட்டியே தன்னை எலக்ட்ரீசியன் என்று நம்பிவிட்டவன். மெயின் பெட்டியைத் திறந்து பார்த்து, "அடேயப்பா" என்றான். மூடினான். இரண்டாவது மாடியில் எரியாத பல்பு ஒன்றை மாற்றினான். அக்கா வீட்டில் நாலு தோசையும் ஒரு குவளை கோப்பியும் முடித்து, "இனிமே ஒன்னும் ஆகாது, கவலப்படாதீங்க லா" என்றான். மறுநாள் ஐந்து மணிக்கே போய்விட்டது.

அடுத்து, டவுனில் பெரிய கடை வைத்திருக்கிற ஒருவர். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்து, படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுப் புதுசா இழுக்கணும். மூணு மாசம் ஆகும்."

"அஞ்சு நாள்தான் இருக்கு."

"அப்ப சாமியத்தான் கும்பிடணும்."

"அது எனக்கே தெரியும். அதுக்கு உங்கள எதுக்குக் கூப்பிடுறேன்?" என்று அக்கா அவரைப் படியிறக்கி விட்டார்.

மூன்றாவதாகத் தைப்பிங்கிலிருந்து தேவன் வந்தான். நாற்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டைக் கழற்றாமலே வந்தான். எந்நேரமும் மழை பெய்கிற ஊர்; தைப்பிங்காரர்களுக்கு வெயிலில்கூட நம்பிக்கை வராது போல. அக்கா முதல் கேள்வியே, "லைசென்சு இருக்கா?" என்று கேட்டார். பத்துமலை கொடுத்த பாடம். தேவன் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அக்கா படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

"மொட்டை போட்டிருக்கே?"

"வேண்டுதல் அக்கா."

"சரி, நல்ல ஆளாத்தான் இருப்பே."

தேவன் பெட்டிக்குள் மீட்டரை வைத்து அரைமணி நேரம் ஒவ்வொரு வயராகச் சோதித்தான். பிறகு சொன்னான்: "சுவிட்சு அதும்பாட்டுக்கு வேலை செய்யுது அக்கா. எங்கயோ ஒரு வீட்டுல கசியுது. எல்லா வீட்டையும் அடைச்சிட்டு, ஒவ்வொரு வீடா எல்லாச் சாமானையும் போடச் சொல்லிப் பாக்கணும். எல்லாரும் ஒரே நேரத்துல இருக்கணும். அதான் கஷ்டம்."

"கஷ்டமா? பெரட்டு எடுத்தா முடிஞ்சுது," என்றார் அக்கா.

பெரட்டு என்றால் தோட்டத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொழுது விடியுமுன் தொழிலாளிகள் வரிசையில் நிற்க, மண்டோர் பெயர் கூப்பிடுவார். வராதவனுக்கு அன்று வேலை இல்லை. அக்காவின் அப்பா இருபது வருடம் எடுத்த பெரட்டு. மகளுக்கு அது ரத்தத்தில் ஊறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, கார் நிறுத்துமிடம். வீட்டுக்கு ஒருவர் கீழே வரிசையில், ஒருவர் மேலே சுவிட்சுக்குப் பக்கத்தில். தனி ஆளான சீனிக்காகப் பக்கத்து வீட்டுப் பையன் மேலே நின்றான். அக்கா கழுத்தில் விசில். நோட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார். கீழே நிற்பவர் கையைத் தூக்கி மேலே கத்துவார். மேலே ஃபேன், ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, சீனி வீடென்றால் காற்று மெஷின், எல்லாம் ஓடும். தேவன் மீட்டரைப் பார்ப்பான். விசில் அடித்தால் அடுத்த வீடு. மங்களத்தின் முறை வந்தபோது அக்கா விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுடுதண்ணீர் மெஷின் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை.

"இன்னொரு வாட்டி போடச் சொல்லு," என்றார் அக்கா. போட்டார்கள். மூன்றாவது தடவையும் போட்டார்கள். சுவிட்ச் அசையவே இல்லை. மங்களம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் லேசாகத் துடித்தது.

கடைசி வீடும் முடிந்தது. ஒரு தடவைகூட விழவில்லை. எல்லா வீட்டுக்கும் கரண்டைத் திறந்துவிட்டு, தேவன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, பத்து வீடுன்னீங்க. நான் ஒம்பதுதான் எண்ணுனேன்."

"ஒம்பதா? எவன் அவன் வராம ஏமாத்துறது?" அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. நோட்டைப் பிரித்து விரலை வைத்துக் கீழே இறக்கினார். ஒன்பது பெயர், ஒன்பதுக்கும் சரி போட்டிருந்தது. மறுபடி மேலிருந்து வந்தார். அப்போதும் ஒன்பது.

"பேரு எழுதும்போதே ஒன்னு விட்டுப் போச்சு போல," என்றான் தேவன், ரொம்ப மெதுவாக.

அக்காவின் விரல் நின்றுவிட்டது. அப்பாவின் பெரட்டு நோட்டில் அப்பாவின் பெயர் என்றைக்கு இருந்தது? கூப்பிடுகிறவன் தன்னையே கூப்பிடுவானா? அதே பழக்கத்தில், எட்டு வருடமாக எந்தப் பட்டியல் எழுதினாலும் தன் வீட்டை விட்டுவிட்டே எழுதியிருக்கிறார். யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

"வா மேல," என்று தேவனை மட்டும் அழைத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறினார்.

ஃபேன் போட்டார்கள், ஃபிரிட்ஜ் போட்டார்கள், ஒன்றுமில்லை. தேவனின் கண் கிரைண்டரின் மேல் போனது. "தெனமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க அக்கா." அக்கா வழக்கம்போல் கல்லை நன்றாகத் தண்ணீர் ஊற்றி அலசினார். தண்ணீர் அடிப்பக்கமாக வழிந்தது. சுவிட்சைத் தட்டினார். கல் இரண்டு சுற்றுச் சுற்றியது. டப்.

படிக்கட்டு மொத்தமும் செத்த மாதிரி ஆனது. கீழிருந்து கீச்... கீச்... என்று ஒரு சத்தம் வந்தது.

"அது என்னா சத்தம்?" என்றார் அக்கா.

"கீழ் வீட்டு மெஷினு. கரண்டு போனா அப்படிக் கத்தும்," என்றான் தேவன்.

ஆறு மாதமாக அது கத்தியிருக்கிறது. அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கரண்டு போனதுமே அவர் வாசலுக்கு வந்து மங்களத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுவார், கீழே கத்துவது எப்படிக் கேட்கும்? அக்கா அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ள வயரு தோலு தேஞ்சு, தண்ணி பட்டதும் கசியுது அக்கா. பத்து நிமிசத்துல மாத்திருவேன்," என்றான் தேவன். கொஞ்சம் தயங்கி, "கீழ போயி பழைய வயரிங்குன்னு சொல்லிக்கலாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் நன்றாகவே யோசித்தார். பிறகு எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு இறங்கினார்.

வரிசை இன்னும் கலையவில்லை. சொல்லாமல் கலைந்தால் திட்டு விழும் அல்லவா! தனேஷின் காரும் வந்து நின்றிருந்தது. சீனி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், காலடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"மங்களம், முன்னால வா."

மங்களம் பயந்துகொண்டே வந்தாள்.

"கரண்டக் கெடுத்தது என் கிரைண்டரு. உன் சுடுதண்ணி இல்ல. ஒரு எட்டு வாட்டி உன்னத் திட்டியிருப்பேன். எட்டும் தப்பு."

"பதினாலு வாட்டி அக்கா," என்றாள் மங்களம்.

"சரி, பதினாலு. மன்னிச்சிரு."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அக்கா திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. ஆனால் அன்றைக்கு அந்தப் பார்வையில் சத்து இல்லை.

சீனியிடம் வந்ததும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினார். "அண்ணே, உங்க மூச்ச நிறுத்துனது நான்தான். இனிமே அரைக்கல. கிரைண்டரத் தூக்கி வித்துர்றேன். தனேஷு, அப்பாவக் கூட்டிட்டுப் போயிராதப்பா."

தனேஷ் அப்பாவிடம் திரும்பினான். "அப்பா, தலைக்கு மேல ஓடுது. உங்களுக்குக்கூடவா தெரியல?"

"தெரியும்லா," என்றார் சீனி. "கல்லு உருளும், அப்புறம் கரண்டு போகும். ஆறு மாசமாக் கேக்குறேன்."

அவ்வளவுதான், அக்காவுக்கு இழந்த சத்தெல்லாம் திரும்பி வந்தது. "தெரிஞ்சுக்கிட்டா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? நான் எலக்ட்ரீசியனத் தேடி ஊரு ஊரா போன் போட்டேனே! இந்தப் பிள்ளைய பதினாலு வாட்டி திட்டுனேனே! கழுத்துல விசிலு மாட்டி கோமாளி மாதிரி நின்னேனே! ஒரு வார்த்த சொன்னா என்னா?"

சீனி நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டார். அவர் பேசுவதற்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும்.

"சொன்னா நீ அரைக்கிறத நிறுத்திருவே. இப்பகூட அதத்தான சொன்னே. கண்ணு முழிச்சா, வீட்டுல எனக்குக் கேக்குற மனுசச் சத்தம் அது ஒன்னுதான். அது நின்னு போனா, நான் இங்க யாருக்கு இருக்கணும்? இவன் கூப்பிட்டன்னைக்கே போயிருப்பேன்."

இருளாயி அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பத்து வீடும் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "கிறுக்கு மனுசா, செத்துக்கித்துப் போயிருந்தீங்கன்னா?" என்று திட்டத்தான் அவரால் முடிந்தது.

தனேஷ் குனிந்து துணிப்பையை எடுத்தான். காரைத் திறக்கவில்லை. மூன்றாம் மாடிக்குப் படியேற ஆரம்பித்தான்.