மீன்கார அக்காவின் பச்சைப் பட்டு

தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் போட்டோகிராபி படித்தேன். ‘உழைக்கும் முகம்’ என்று ஒரு புராஜெக்ட். கறுப்பு வெள்ளை பிலிமில், போஸ் கொடுக்காத ஒரு முகம் வேண்டும் என்றார் சார்.

மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் அனுமதி கேட்டேன். அதுதான் தப்பு. “இருப்பா, வந்துடறேன்” என்று கத்தியை வைத்துவிட்டுப் போனவர், பவுடரும் கனகாம்பரமுமாக, அரக்கு பார்டர் போட்ட பச்சைப் பட்டில் திரும்பி வந்தார். மீன் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. கத்தி அவர் பக்கத்திலேயே இருந்தது. அப்படியே படம் எடுத்தேன்.

சார் படத்தைப் பார்த்துவிட்டு, “இதுல உழைப்பு எங்கப்பா?” என்று திருப்பிக் கொடுத்தார். அதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டும் பார்டரும் ஒரே சாம்பலாக இருந்தன.

“இன்னாபா, கலர் எங்க?”

“கறுப்பு வெள்ளை பிலிம்க்கா.”

முறைத்தார். நான் நழுவப் பார்த்தேன். அவரோ படத்தைப் பக்கத்துக் கடை அம்மாவிடம் நீட்டி, “இது பச்ச, இது அரக்கு” என்று விரல் வைத்துக் காட்டினார்.

அந்த அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “பச்ச நல்லா எடுப்பா கீதுக்கா” என்றார்.

அந்தப் படத்தின் இன்னொரு பிரிண்ட் என்னிடம் இருக்கிறது. எப்போது எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பட்டு எனக்குப் பச்சையாகத்தான் தெரிகிறது.