மச்சானின் மூன்றாவது அடி

பீடோர்க்காரர் விழும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ஈப்போவை அடுத்த கோப்பெங்குக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றாலே மச்சானின் சிலம்பம்தான். மச்சான் என் அக்காவின் கணவர். பீடோரிலிருந்து வரும் ஒருவர் வருஷாவருஷம் அவரை எதிர்த்து ஆடுவார். இரண்டு அடிகளைத் தடுப்பார். மூன்றாவதில் கம்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாகப் புழுதியில் கிடப்பார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகூட நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டுவார். இப்பேர்ப்பட்ட மனிதர் எனக்கு மச்சான் என்று, வாலிபனான எனக்குத் தலைகால் புரியாது.

கோலா கங்சார் பக்கத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவன், வேலை முடிந்து ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "இது கூத்துலா. நெசமா அடிச்சா எவன் மூணு அடி வரைக்கும் நிப்பான்? பேசி வச்சிக்கிட்டு ஆடுறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. மச்சான் எனக்கு ஒரு தடுப்பு காட்டிக் கொடுத்திருந்தார். கம்பைக் குறுக்கே ஏந்தி மணிக்கட்டைத் திருப்பினால் எதிராளியின் கம்பு தானாக நழுவிவிடும் என்பார். அவரோடு ஆடிப் பார்த்தபோதெல்லாம் நழுவத்தான் செய்தது. அந்தத் தைரியத்தில், வாடா பார்க்கலாம் என்று கம்பை எடுத்தேன். அவன் கம்பு நழுவவில்லை. என் மணிக்கட்டுதான் முறிந்தது.

எலும்பு கோணலாகக் கூடியது. ரப்பர் மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெட்டுவிடும். என் கை மரத்துக்கு மரம் காயம் வைத்தது. கங்காணி என்னைப் பால்வெட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டில் போட்டுவிட்டார். மச்சான் பார்க்க வந்தவர், "தடுப்பு சரிதான் மாப்ளே, நீதான் சரியா நிக்கலே" என்றார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிராமல் தடவிக்கொண்டே இருந்தாள். நானும் வெயிலில் புல் வெட்டிக்கொண்டு, சரியாக நிற்கத் தெரியாத என் கால்களையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த திருவிழாவுக்குப் பீடோர்க்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மச்சான் என்னை இறங்கச் சொன்னார். இந்தக் கையோடா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்றார்.

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. விசையாக வந்த கம்பு என் கம்பைத் தொட்டதும் நின்றுகொண்டது; அதில் கனமே இல்லை. இரண்டாவது அடியில் முகத்துக்கு நேராக வந்து, "அடுத்ததுல விழுந்துடு மாப்ளே" என்றார், தண்ணீர் கொண்டுவரச் சொல்வது போல. கூத்து என்று சொன்னவன் சொன்னதுதான் உண்மை. அந்தக் கணம் மச்சானை நிஜமாகவே அடித்திருப்பேன். ஆனால் எதிரே கூட்டத்தில் அக்கா நின்றிருந்தாள். புருஷனைப் பற்றி அவள் வைத்திருக்கும் எண்ணம் என் கையால் கெட வேண்டாம் என்று விழுந்தேன்.

அன்று மாலை லயத்து வீட்டு வாசலில் அக்கா என் முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சள் பூசினாள். நடந்ததை அவளிடம் காட்டிக்கொள்ளாமல் எப்படி இருப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

"அவசரப்பட்டு விழுந்துட்டே தம்பி," என்றாள். "கம்பு படுறதுக்கு முந்தியே விழுந்தா சனங்க சிரிப்பாங்கலா. பீடோர் அண்ணே எவ்ளோ பாங்கா விழுவாரு."

நான் காலை இழுத்துக்கொண்டேன். "என் கை ஒடைஞ்சப்பவும் ஒனக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

அவள் மஞ்சள் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "சொன்னா அவரு பேரு கெட்டுப் போவும்ல."

மச்சான் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆட்டக்காரர், ஆடினார் என்று அவரை மன்னித்துவிட்டேன். அக்கா இந்தத் தள்ளாத வயதிலும் ஈப்போவில் என் வீட்டுக்கு வந்தால், "கை எப்படி இருக்கு தம்பி?" என்று பிடித்துப் பார்க்க வருவாள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுக் கையை மடியிலேயே வைத்துக்கொள்வேன்.