ஒரு வருஷம் நில்லுங்க, பங்கு தர்றோம்

கையில எடுத்துக் காட்ட முடியாத ஒரு பொருள, வேணாங்கற ஆளுங்களுக்கு, காசே வாங்காம குடுத்துட்டு, அதுக்கும் திட்டு வாங்கறதுதான் என் தொழில்.

உங்கள்ல யாராச்சும் கம்பெனியில எச்.ஆர். சீட்டுல உக்காந்திருந்தா இப்பவே தலைய ஆட்டியிருப்பீங்க. ஸ்டாக் ஆப்ஷன்னு ஒண்ணு இருக்கு. அத வேலை பாக்கறவங்களுக்கு புரிய வெக்கற பாவம் நம்ம தலையிலதான் எழுதியிருக்கு. நான் சேலத்துல இன்ஜினியரிங் படிச்சு, மூணாவது வருஷத்துல காலேஜுக்கு விடுதலை குடுத்தவன். அப்பறம் செல்போன் கடை, கொரியர், லோன் ஆபீஸ். எங்கயும் ஒரு வருஷம் நின்னதில்ல. எங்க எம்.டி. கோமதி மேடம் இன்டர்வியூல, "உனக்கு என்னா மாதேஷ் தெரியும்?"னு கேட்டாங்க. "பேசத் தெரியும் மேடம்"னேன். "அப்ப பங்கு விஷயத்த நீயே பேசு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க.

கம்பெனி இருக்கறது பாப்பிரெட்டிப்பட்டி. தோட்டத்துல இருக்கற போர் மோட்டர, வூட்டுல படுத்துக்கிட்டே போன்ல போட்டு நிறுத்தற பொட்டி செய்யறோம். ஓடாம கெடந்த ஒரு கல்யாண மண்டபத்த வாடகைக்கு புடிச்சிருக்கோம். பந்தி போடற ஹால்ல பொட்டி மாட்டறாங்க. மணமகன் அறையில மேடம். மணமகள் அறையில நான். கதவு மேல எழுதியிருக்கறத அழிக்கச் சொல்லி நான் கெஞ்சாத நாளில்ல.

மணமேடைப் பேச்சு

பங்கு குடுக்கறதுன்னு முடிவானதும் எல்லாரையும் மணமேடை முன்னாடி உக்கார வெச்சாங்க. நான் மைக்க புடிச்சேன். "இன்னிக்கு நம்ம கம்பெனி பங்கு என்னா விலையோ, அதே விலைக்கு பின்னாடி வாங்கிக்கற உரிமைய இப்பவே எழுதித் தர்றோம். கம்பெனி வளந்து விலை ஏறிச்சின்னா நீங்க பழைய விலைக்கு வாங்கலாம், ஏறுன மிச்சம் உங்களுக்கு. ஏறலையா, வாங்காதீங்க, நட்டமில்ல. ஆனா ஒரு வருஷம் முழுசா வேலை பாத்தாதான் எழுதுனதுல மொத கால் பங்கு உங்க கைக்கு. அப்பறம் வருஷத்துக்கு ஒரு கால்." இத சொல்லி முடிச்சப்ப எனக்கே என் மேல மரியாத வந்துடுச்சு.

மொரப்பூர்ல இருந்து வர்ற லோடு வேன் டிரைவர் முனியப்பண்ணன் மொத ஆளா எந்திரிச்சாரு. "இத விக்கலாமா தம்பி?" "இப்ப முடியாதுங்கண்ணா." "அடகு?" "முடியாதுங்க." "மச்சானுக்கு மாத்தி வுடலாமா?" "அதுவும் முடியாதுங்க." உக்காந்துட்டாரு. அடுத்து எந்திரிச்சது ஷபானா. பந்தி ஹால்ல மொத நாள்ல இருந்து இருக்கற பொண்ணு, அந்த லைனுக்கே லீடர். மத்தவங்களவிட அதுக்குத்தான் ஆப்ஷன் அதிகம். "ஒரு வருஷத்துக்கு முன்னாடியே வேலைய வுட்டு நின்னுட்டா?"னு கேட்டுச்சு. "ஒண்ணுமே கெடையாது. அதுக்கு க்ளிஃப்னு பேரு. மலை ஓரம் மாதிரி. ஒரு அடி முன்னாடி நின்னாலும் நின்னதுதான்"னேன். வெரல மடக்கி மாசத்த எண்ணுச்சு.

"அப்ப இந்த ஒரு வருஷத்துக்கு எனக்கு யாரும் மாப்பிள்ள பாக்கக் கூடாதுன்னு எங்க வூட்டுக்கு ஒரு லெட்டர் போடு மாதேஷு."

முனியப்பண்ணன் சீட்டு

நாங்க எதக் குடுத்தாலும் எங்க ஊரு சனம் அத சீட்டாக்கிடும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல பேக்கிங் பக்கம் ஒரே கசமுசா. எட்டிப் பாத்தா, முனியப்பண்ணன் நடுவுல உக்காந்து ஏலம் வுட்டுக்கிட்டு இருக்காரு. எல்லார் ஆப்ஷனையும் ஒண்ணா சேத்து, யாருக்கு அவசரமோ அவங்க தள்ளுபடிக்கு மொதல்ல எடுத்துக்கறதாம். இந்த பூமியில ஆப்ஷன் திட்டத்த எழுதுன எந்த வக்கீலும் இத யோசிச்சிருக்க மாட்டான். "அண்ணா, இது ரேஷன் கடை கைரேக மாதிரி. உங்க வெரலு வெச்சாதான் உங்களுக்கு. அடுத்தவங்க வெரலு வெச்சா பருப்பு வராது"ன்னேன். அது புரிஞ்சிச்சு. ஏலம் கலஞ்சிச்சு. ஏலத்துக்கு வாங்கி வெச்ச வடை மட்டும் மிச்சம், அத நான் தின்னேன்.

ஆனா அந்த மனுசன நான் மெச்சிக்கிட்டே ஆவணும். முன்னெல்லாம் அவரு வேன்ல ஏத்துன பொட்டி, எறக்கறப்ப பாதி கலகலன்னு சத்தம் போடும். பங்கு எழுதிக் குடுத்ததுல இருந்து புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போற மாதிரி ஓட்டறாரு. ஆபீஸ்ல வீணா ஓடற ஃபேன நிறுத்தறாரு. ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டிய நிறுத்தி, எறக்கி, ஏத்தி ஓட்டறாரு. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே செத்தான். என்னாண்ணா இப்புடின்னு கேட்டேன்.

"பங்கு குடுத்து கெடுத்து வுட்டுட்டீங்க தம்பி, பள்ளத்துல வுட்டா இப்ப எனக்கே இடுப்பு வலிக்குது."

விலை போடறவரு வந்தாரு

ஆப்ஷன் குடுக்கணும்னா பங்குக்கு ஒரு விலை வேணும். சந்தையில விக்காத பங்குக்கு விலைய யாரு சொல்றது? அதுக்குன்னு பதிவு பண்ணின ஆளுங்க இருக்காங்க. மணமேடைப் பேச்சுக்கு முன்னாடியே பெங்களூர்ல இருந்து ஒருத்தரு வந்திருந்தாரு. வர்ற வருஷங்கள்ல கம்பெனிக்கு எவ்வளவு வரும்னு ஒரு கணக்கு போட்டு, அது வராமயே போற ஆபத்தையும் கழிச்சு, இன்னிக்கு என்னா மதிப்புன்னு கொண்டு வருவாராம். கேக்கறப்ப ஜோசியம் மாதிரிதான் இருந்திச்சு. கூடவே இருந்து பாத்தப்பதான் தெரிஞ்சிச்சு, அந்த மனுசன் பொட்டி வாங்குன வெவசாயி தோட்டம் வரைக்கும் போயி, கரண்டு எப்ப வருது, போர்ல தண்ணி எவ்வளவு ஆழம்னு கேட்டு எழுதறாரு. ஜோசியக்காரன் யாரும் வரப்புல வழுக்கி வுழுந்து நான் பாத்ததில்ல.

கடைசியா பந்தி ஹாலுக்கு வந்தாரு. ரிப்பேருக்குத் திரும்பி வர்ற பொட்டி இந்த வருஷம் எப்புடி இவ்வளவு கொறஞ்சிச்சுன்னு அவருக்கு சந்தேகம். ஷபானா ஒரு பொட்டிய தொறந்து காட்டுச்சு. ஒயர் நொழையற ஓட்ட வழியா பல்லி பூந்து, உள்ள ரெண்டு கம்பிய ஒண்ணா மிதிச்சு, பொட்டியும் போயி தானும் போயிடும். எல்லாரும் உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு மேல பழி போட்டுக்கிட்டு இருந்தப்ப, இந்தப் பொண்ணு திரும்பி வந்த பொட்டி ஒவ்வொண்ணையும் தொறந்து பாத்து, அந்த ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் போட வெச்சிச்சு. விலை போடறவரு ரப்பர திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவரு மூஞ்சியில நெசமாவே சந்தோசம். "இதுக்கு பேட்டன்ட் வாங்கியிருக்கீங்களாம்மா?"னு கேட்டாரு.

"பல்லிக்குங்களா சார்?"

எங்கம்மாவோட மதிப்பீடு

எனக்கும் கொஞ்சம் ஆப்ஷன் உண்டு. வூட்டுக்குப் போயி அம்மாகிட்ட, "உம் புள்ள இப்ப கம்பெனியில பங்கு வெச்சிருக்கறவன் ஆவப் போறான்"னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். தக்காளி நறுக்கிக்கிட்டு இருந்தவங்க நிமிந்து கூட பாக்கல. "ஒரு வருஷம் நிக்கணும்மா, அப்பறம்தான்"னேன். அப்பதான் கத்திய கீழ வெச்சாங்க.

"அப்ப உனக்கு கெடைக்காதுன்னு தெரிஞ்சேதான்டா குடுத்திருக்காங்க."

மாப்பிள்ள வூடு

ஷபானா சொன்ன லெட்டர நான் போடல. மாப்பிள்ள வந்துடுச்சு. திருப்பத்தூர்ல மாம்பழ யாவாரம் பண்ற ஜப்பார் பாயோட மகன் இம்ரான். நல்ல எடம், பையனும் நல்ல பையன், ஷபானாவுக்கும் புடிச்சிருந்திச்சு. வம்பு எங்கன்னா, நிக்காஹ் ரம்ஜான் நோம்புக்கு முன்னாடி. எங்க ஒரு வருஷம் முடியறது பெருநாளுக்கு அப்பறம். கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்ண திருப்பத்தூருக்கு கூட்டிட்டுப் போயிடுவாங்க. புதுப் பொண்ண தெனம் ரயிலேத்தி மொரப்பூர்ல எறங்கி பஸ் மாறி வேலைக்கு வான்னு எந்த வூட்டுலயும் சொல்ல மாட்டாங்க. அப்ப அத்தனை ஆப்ஷனும் மலை ஓரத்துல வந்து நின்னு போச்சு.

மேடத்துகிட்ட ஓடுனேன். அவங்க ஏற்கெனவே வக்கீலோட போன்ல இருந்தாங்க. வெச்சுட்டு, "முடியாது மாதேஷ். எழுதிக் குடுத்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்கு முன்னாடி கைக்கு வரக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நானே நெனச்சாலும் மாத்த முடியாது"ன்னாங்க. அவங்க கண்ணு கலங்குனத அன்னிக்குத்தான் பாத்தேன். பந்தி ஹாலுக்கு வந்து சொன்னேன், ஷபானா கலங்கல. கையில இருந்த சால்டரிங் கம்பிய ஸ்டாண்டுல வெச்சிச்சு. "தேதிய தள்ளிக் கேட்டா, பொண்ணுக்கு இஷ்டமில்ல போலன்னு பேசிடுவாங்க. சம்மந்தமே முறிஞ்சாலும் முறியும்"னுச்சு. "அப்ப வுட்டுடுவியா?"ன்னேன்.

"மாமனார இங்க கூட்டிட்டு வர்றேன், உன் மைக்க மட்டும் வெளிய எடுத்துடாத."

பூவுல பேசற தோப்பு

ஜப்பார் பாய் வந்தாரு. கூட ஷபானாவோட அப்பா. மணமகள் அறைன்னு எழுதியிருந்த கதவ பாய் ஒரு தடவ பாத்தாரு, அப்பறம் உள்ள இருந்த என்னைய ஒரு தடவ பாத்தாரு. எதுவும் கேக்கல, புண்ணியவான். நான் ஆப்ஷன், அது கைக்கு வர்ற வெஸ்டிங், க்ளிஃப்னு எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் எறக்குனேன். மனுசன் முழுசாக் கேட்டுட்டு, "இந்தக் காகிதத்துக்காக நிக்காஹ தள்ளுனா, எங்க ஜமாத்துல எனக்கு என்னா தம்பி பதிலு?"னு கேட்டாரு.  பேசத் தெரியும்னு வேலைக்கு வந்த நான், நாற்காலிய ஷபானா பக்கம் திருப்பிக்கிட்டேன்.

ஷபானா பேசுச்சு. "மாமா, நீங்க மா பூக்கறப்பவே தோப்பு பேசுவீங்கல்ல?" "ஆமா. பூவ பாத்துதான் விலை பேசறது." "அப்பறம் மருந்தடிக்கறீங்க, காவல் போடறீங்க. காய் எறங்கற வாரத்துல தோப்ப வுட்டுட்டு வந்துடுவீங்களா?" பாய் ஷபானாவப் பாத்தாரு. "காத்தடிச்சு எல்லாம் கொட்டிட்டா?" "கொட்டுனா கொட்டட்டும் மாமா. அது காத்தோட வேல. நானா ஒடிச்சுப் போட மாட்டேன். எனக்கு உங்க வூட்டுக்கு வர இஷ்டந்தான். வெறுங்கையோட வர இஷ்டமில்ல." கோவப்படுவாருன்னு நான் நாற்காலி ஓரத்துக்கு வந்துட்டேன். பாய் தாடிய தடவிக்கிட்டே இருந்தாரு. அப்பறம் ஷபானாவோட அப்பா பக்கம் திரும்புனாரு.

"நிக்காஹ் சொன்ன தேதியில நடக்கட்டும் சம்மந்தி, பொண்ண காய் எறங்கின பெறகு அனுப்புங்க."

காத்திருந்த மாப்பிள்ள

நிக்காஹ் முடிஞ்சிச்சு. மறு வாரமே பொண்ணு பந்தி ஹால்ல, மாப்பிள்ள திருப்பத்தூர்ல. அப்புடி நிக்காஹ் ஒரு நாளும் பொண்ணு அனுப்பறது இன்னொரு நாளும் வெக்கறது அவங்கள்ல உண்டுதான். ஆனா அத ஒரு கம்பெனியோட வெஸ்டிங் தேதிக்கு வெச்சது நாங்கதான். ஆப்ஷன்ல ஒரே கஷ்டம் என்னான்னா, எழுதிக் குடுத்தாச்சு, கைக்கு வரல. அத பக்கம் பக்கமா வெளக்கியும் யாருக்கும் புரியல. இம்ரானுக்கு மட்டும் வெளக்கமே தேவப்படல. ஞாயித்துக்கெழமையானா மொரப்பூர் ஸ்டேஷன்ல எறங்குவாப்ல. முனியப்பண்ணன் வேன்ல ஏத்திக்கிட்டு, பள்ளம் பாத்து பாத்து கொண்டாந்து மாமியார் வூட்டுல எறக்குவாரு. திரும்பிப் போறப்ப எனக்கு ஒரு போன் வரும்.

"மாதேஷண்ணே, அந்த க்ளிஃப் ஒரு வாரம் முன்னாடி வராதா?"

மொத கால்

பெருநாள் போயி, எங்க நாளும் வந்திச்சு. ஜப்பார் பாய் கார் புடிச்சுக்கிட்டு, மகனோட, ஒரு கூட மாம்பழத்தோட வந்தாரு. பந்தி ஹால்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. மேடம் ஷபானா கையப் புடிச்சு, "மொத கால் உன்னுது"ன்னாங்க. ஒரு வருஷம் முன்னாடி மணமேடையில வாய் கிழியப் பேசுன நான், மைக்க தேடாம கை தட்டுனேன். ஒரு சட்டத்தையும் மீறாம, ஒரு சொந்தத்தையும் முறிக்காம, ஒருத்தர் மனசும் நோவாம அந்தப் பொண்ணு மலை ஓரத்த தாண்டி வந்து நிக்குது.

என் வேலைய நான் செஞ்சுதான ஆவணும். "இப்ப வேலைய வுட்டா, மூணு மாசத்துக்குள்ள காசு கட்டி இந்தக் கால் பங்க வாங்கிக்கணும். வரி உண்டு. மீதி முக்கா கம்பெனிக்கே திரும்பிடும்"னேன்.  குடுத்த வாக்குக்கு ஷபானாவோட துணி எல்லாம் பையில கட்டி கார்ல ஏத்தியாச்சு. மாம்பழம் அறுத்துக்கிட்டு இருந்த பாய் கைய நிறுத்துனாரு. "திரும்பிடும்னா? காய்க்கற மரம், அப்புடியே வுட்டுட்டு வர்றதா?" "ஆமாங்க பாய். வருஷத்துக்கு ஒரு கால், இன்னும் மூணு வருஷம்." ஷபானா தரையப் பாத்துச்சு. இம்ரான் ஷபானாவப் பாத்தாப்ல. பாய் கத்திய தொடச்சு மடக்கி, மகன் பக்கம் திரும்புனாரு.

"ஏன்டா, இந்த பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மாந்தோப்பே இல்லியா?"

அந்தப் பங்கு என்னிக்கு காசாகும்னு எனக்கு இன்னும் தெரியாது, ஆனா இங்கயே பஸ் ஸ்டாண்டு பின்னாடி வூடு புடிச்சு, ஷபானா லைனப் பாக்குது, இம்ரான் தோப்பு பேசறாப்ல, எதுலயும் வருஷம் தாண்டாத நானே ரெண்டாவது வருஷமா மணமகள் அறையில குந்தியிருக்கேன்னா, கம்பெனி எங்களுக்கு குடுத்தது பங்கா கால்கட்டான்னு நீங்களே விலை போட்டுச் சொல்லுங்க.